பழைய பக்கத்தின் நாலாவது படம்

கணினி மெதுவாக ஓடினால் பழைய பக்கங்களை அழித்துவிட வேண்டும் என்பது இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு அறுபத்தொன்பதாவது வயதில்தான் தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றேகாலுக்குக் கற்றுக்கொண்டேன். பதினொன்றரைக்குள் செய்து முடித்தேன். இதை நான் மறுக்கவில்லை. நீங்கள் இவ்வளவு சுற்றி வளைத்துக் கேட்டிருக்க வேண்டியதே இல்லை.

உங்கள் விசாரணைத் தாளில் என்னைப் பற்றி ‘ஓய்வு பெற்றவர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்கள் பூங்கா பெஞ்சுகளில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் முப்பத்து நான்கு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தின் ஆவண அறைக்குத் தலைவராக இருந்தவன். மூன்று வருடக் கோப்பு, பத்து வருடக் கோப்பு, என்றைக்கும் வைத்திருக்க வேண்டிய கோப்பு என்று பிரித்து வைத்திருப்போம். காலம் முடிந்த கோப்பை அழிக்க என் கையெழுத்து வேண்டும். ஒரு விஷயத்துக்கு ஒரே கோப்பு, ஒரே பிரதி. அது போனால் அந்த விஷயமே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். பெரிய பெரிய மனிதர்கள் என் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார்கள். யாரையும் நான் உட்காரச் சொன்னதில்லை.

மனைவி காலமாகி விட்டாள். பிள்ளைகள் இல்லை. அப்பா வைத்துவிட்டுப் போன பெயர் மட்டும் இருந்தது. வாசலில் அந்தப் பெயர்ப்பலகையை வாரம் ஒருமுறை நானே துடைப்பேன். வேலைக்காரியைத் தொடவிட்டதில்லை.

என் தம்பி என்னைவிடப் பதினாறு வயது இளையவன். மரச்சாமான் கடை ஒன்றில் விற்பனையாளனாக இருந்தான். கடையை மூடிவிட்டார்கள். ஒன்பது மாதம் சும்மா இருந்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேலை தேடுகிற மனிதனுக்கு ஒரு மதிப்பு உண்டு. இஸ்திரி போட்ட சட்டையோடு காலையில் கிளம்பலாம். பிறகு ஒரு மெத்தைக் கடையில் விளம்பர வேலை கிடைத்ததாகச் சொன்னான். விளம்பரத்துக்கு வாசகம் எழுதுவான் போலிருக்கிறது என்று நினைத்து நானும் தெருவில் நாலு பேரிடம் சொன்னேன்.

எதிர்வீட்டுப் பல் டாக்டரின் மனைவி ஒருநாள் காய்கறிப் பையோடு என் வாசலில் நின்றாள்.

“சார், மெத்தைக் கடை முன்னாடி கரடி வேஷம் போட்டுக்கிட்டு ஆடறது உங்க தம்பிதானே? தலையைக் கழட்டிட்டுத் தண்ணி குடிச்சாரு, அப்பதான் பாத்தேன். நல்லா ஆடறாரு சார்.”

அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு நிற்கவைத்தேன். அவன் மனைவியும் கதவோரம் நின்றாள்.

“எத்தனை நாளா இந்தக் கூத்து?”

“ரெண்டு மாசமா அண்ணா.”

“நம்ம அப்பா யாருன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. கடைக்காரரு அப்பா யாருன்னு கேக்கல அண்ணா. உயரம் மட்டும்தான் கேட்டாரு.”

கதவோரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

“அந்த உடுப்பா, இந்த வீடா? ஒண்ணச் சொல்லு.”

“அந்த உடுப்புக்குள்ள நின்னா சின்னப் புள்ளைங்க ஓடி வந்து கட்டிப் பிடிக்குதுங்க. இந்த வீட்டுக்குள்ள நின்னா நீங்க அப்பா பேரைக் கேக்கறீங்க. நான் என்னத்தைச் சொல்ல?”

ஐம்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை பேசுகிற பேச்சா இது. மறுநாள் ஒரு பெட்டியோடு போய்விட்டான். கடைக்குப் பக்கத்தில் நாலு பேர் தங்கும் அறையில் இடம் பிடித்திருந்தான். தனியாக ஒரு அறை கிடைத்ததும் மனைவியைக் கூட்டிக்கொள்வதாக ஏற்பாடு. அவள் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள். அதுவரை என் வீட்டின் பின்னறையிலேயே இருந்தாள். தினமும் ஆறு மணிக்கு அவன் போன் செய்வான். அவள் துணி காயப்போடும் இடத்துக்குப் போய் நின்று பேசுவாள். அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று நான் தெருவில் சொன்னேன். யாராவது கேட்டால் அவளும் அதையே சொல்ல வேண்டும் என்று சொல்லிவைத்தேன். பல் டாக்டரின் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் “அங்க இப்ப குளிரா சார்?” என்று விசாரிப்பாள். “நல்ல குளிர்” என்பேன். எங்கள் தெருவில் மரியாதை தெரிந்தவர்கள் என்றால் அவர்கள் குடும்பம்தான்.

ஒரு புதன்கிழமை ஆறு மணிக்குப் போன் வரவில்லை. வியாழன், வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை காலை அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“மாமா, மூணு நாளா அவரு போன் இல்ல. ரூமுக்கும் போகல. மெத்தைக் கடையில கேட்டா, கான்ட்ராக்ட் ஆளு, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறாங்க. போலீஸ்ல சொல்லிரலாம் மாமா.”

“வெளிநாட்டுல இருக்கறவனைக் காணோம்னு இந்த ஊர் போலீஸ்ல எப்படிம்மா போய்ச் சொல்றது?”

அவள் என்னையே பார்த்தாள். “அவரு வெளிநாட்டுல இல்ல மாமா. இங்கேருந்து பஸ்ஸுல இருபது நிமிஷம்.”

பதறினால் காரியம் கெடும் என்று சொன்னேன். நானே விசாரிக்கிறேன் என்றேன். எங்கள் வீட்டில் வெளியே போகிற விசாரணையும் உள்ளே வருகிற கடிதமும் என் கை வழியாகத்தான் போய்வரும். அப்பா காலத்துப் பழக்கம். கணினியும் என் அறையில்தான் இருக்கிறது. அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அவள் போனதும் பெரிய ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். ‘அடையாளம் தெரியாத நோயாளிகள்’ என்று ஒரு பகுதி இருந்தது. நாலு படங்கள். எங்கள் வீட்டு இணையம் மெதுவானது. படங்கள் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கும். நாலாவது படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: ‘ஆண். வயது ஐம்பதுக்கு மேல். புதன்கிழமை பிற்பகல் கடைத்தெருவில் மயங்கி விழுந்து, கரடி வேடத்துடன் கொண்டுவரப்பட்டார். பேச இயலவில்லை. அறிந்தவர்கள் உடனே வரவும்.’

படம் தெளிவாக இல்லை. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியிருந்தால் பிறகு திருத்துகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“நாலாம் நம்பரா? உங்களுக்குத் தெரிஞ்சவரா சார்?”

“இல்லம்மா. பொதுவா ஒரு தகவல் வேணும். இந்த அறிவிப்பு எத்தனை நாள் இருக்கும்?”

“திங்கக்கிழமை காலையில பக்கத்தை மாத்திருவோம் சார். அதுவரைக்கும் யாரும் வரலைன்னா ஊருக்கு வெளியில இருக்கற காப்பகத்துக்கு அனுப்பிருவோம். படத்தையும் எடுத்துருவோம்.”

“எடுத்த படம் வேற எங்கேயாவது இருக்குமா?”

“இருக்காது சார். எடுத்தா எடுத்ததுதான்.”

ஒழுங்கான நடைமுறை. நான் வேலை பார்த்த இடத்தில்கூட ஒரு சாதாரணக் கோப்பை மூன்று வருடம் வைத்திருந்தோம். இவர்கள் வாரத்துக்கு ஒருமுறை மேசையைத் துடைத்துவிடுகிறார்கள்.

நான் இரக்கமற்றவன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன். பழம் வாங்கிக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தேன். அடையாளம் தெரியாதவருக்குப் பழம் வாங்கிப் போவது பொருத்தமாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாடியில் நீளமான வார்டு. ஜன்னலோரக் கட்டில். அந்த உடுப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். தலையைச் சுருட்ட முடியாதல்லவா, அது பக்கத்து மேசைமேல் இருந்தது. மருந்துச் சீட்டுக் காற்றில் பறக்காமல் இருக்க அதன் வாயில் செருகி வைத்திருந்தார்கள். இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்த நோயாளி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. “ண்ணா” என்றார்.

“பயப்படாதீங்க சார்” என்றாள் நர்ஸ். “எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடறாரு. டாக்டரையும் அண்ணாதான், தரை கூட்ட வர்றவரையும் அண்ணாதான். அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருக்கு. உங்களுக்கு இவரைத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“உங்க கையைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறாரே.”

உடம்பு தளர்ந்தவர்கள் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வருவதற்கு முன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் வந்தேன். இதை அந்த நர்ஸ் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். இந்தக் காலத்தில் நல்லதை யார் சொல்கிறார்கள்.

வெளியே வரும்போது டாக்டர் எதிரே வந்தார். சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டு தானாகவே பேசினார். “மூளையில ரத்தம் கட்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணினா நல்ல சான்ஸ் இருக்கு. வீட்டு ஆளுங்க யாராவது கையெழுத்துப் போட்டா நாளைக்கே எடுத்துருவோம். யாரும் இல்லைன்னா கமிட்டி கூடி முடிவு பண்ணணும், அதுக்கு மூணு வாரமாவது ஆகும். அவருக்கு அவ்வளவு நாள் கிடையாது.”

நான் வீட்டு ஆள் இல்லை என்று அவருடைய தவறான எண்ணத்தைத் திருத்தினேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். படித்தவர்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கணினியைத் திறந்தேன். பக்கத்தை மாற்றியிருப்பார்கள் என்று பார்த்தால் அதே நாலு படம். நாலாவது படம் அங்கேயே இருந்தது. சொன்ன நேரத்தில் சொன்ன வேலையைச் செய்யாதவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. மறுபடி போன் செய்து கண்டித்தேன்.

“நாங்க எட்டு மணிக்கே மாத்திட்டோம் சார்” என்றாள் அதே பெண். “உங்க பிரவுசர் பழசைக் காட்டுது. கேஷ் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க.”

கணினி ரிப்பேர் பார்க்கிறவனை வரச் சொன்னேன். அடுத்த தெருதான். உட்கார்ந்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“ஒருதடவை பாத்த பக்கத்தை இது உள்ள ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கும் சார், அதுக்குப் பேருதான் கேஷ். அடுத்த தடவை கேட்டா, வெளிய போய் எடுத்துட்டு வர சோம்பல்பட்டுக்கிட்டு, உள்ள இருக்கற பழசையே எடுத்து நீட்டும். ஆபீஸ்ல சில பேர் இருப்பாங்க இல்ல, அந்த மாதிரி.”

“என் ஆபீஸ்ல அப்படி யாரும் இருந்ததில்ல.”

“சரிங்க சார்.” அவன் பக்கத்தைக் கீழே நகர்த்தினான். “ஐயய்ய, கரடி டிரஸ்ல விழுந்துட்டாராமே. பாவம். யாரு சார் இவரு? உங்க மூக்கு மாதிரியே இருக்கு.”

“வயசானா எல்லா மூக்கும் ஒரே மாதிரிதான். வேலையைப் பாரு.”

எங்கே அழுத்த வேண்டும், எந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும் என்று காட்டினான். கடைசிப் பொத்தானுக்கு வந்தபோது கையை எடுக்கச் சொன்னேன். அழிப்பு உத்தரவில் இன்னொருவன் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

“அழிச்சா திரும்பி வராது சார். பரவாயில்லையா?” என்றான்.

கணினியும் அதையே கேட்டது. நான் அழுத்தினேன். பக்கம் புதிதாக வந்தது. இரண்டு பேர்தான். ஒரு கிழவியும், கால் உடைந்த ஒரு ஆளும். முப்பத்து நான்கு வருட வேலையில் இவ்வளவு சுத்தமாக ஒரு கோப்பு போய் நான் பார்த்ததில்லை. புகை இல்லை, சாம்பல் இல்லை.

சாயங்காலம் தம்பி மனைவி வந்ததும் என் நாற்காலியிலேயே உட்காரவைத்தேன். அந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடத்தில் அவள் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை. அவளே பக்கத்தைத் திறந்து பார்த்தாள். கிழவியின் படத்தைக்கூட இரண்டுதரம் பார்த்தாள்.

“இங்க இல்ல மாமா” என்று அழுதாள். “நல்லவேளை. ஆஸ்பத்திரியில இல்லைன்னா எங்கேயோ நல்லாத்தான் இருக்காரு, இல்ல?”

“நான் நேர்லயும் போய்ப் பாத்துட்டேம்மா” என்றேன். அது பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவளிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

அவள் என் காலைத் தொட்டாள். “உங்களைத் தப்பா நெனச்சிட்டேன் மாமா.”

இரண்டு வாரம் அவள் மற்ற ஆஸ்பத்திரிகள், பேருந்து நிலையங்கள் என்று அலைந்தாள். நான் தடுக்கவில்லை. போலீசுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டேன். அவன் கோபித்துக்கொண்டு போயிருப்பான், போலீஸ் தேடினால் அவனுக்குத்தான் அவமானம் என்றேன். அவள் நம்பினாள்.

பிறகுதான் அந்தத் தையல் கடை விஷயம் வந்தது. முதல் சனிக்கிழமையே, வேலைக்குப் போன இடத்தில், உடை மாதிரிகள் பார்க்கிற கணினியில் அவள் அதே ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். மேலே இருந்த படத்தைப் பார்க்கும்போதே முதலாளியம்மா வந்துவிட, அப்படியே விட்டுவிட்டாள். நான்தான் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேனே. அந்தக் கணினியை யாரும் சுத்தம் செய்ததில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே இணையம் விட்டுவிட்டு வந்திருக்கிறது. இன்னொருதரம் பார்ப்போமே என்று அவள் தேட, அந்தச் சோம்பேறி இயந்திரம் உள்ளே வைத்திருந்த பழைய பக்கத்தை நீட்டியிருக்கிறது. நாலு படத்தோடு.

ஒரு விஷயத்துக்கு ஒரே பிரதி என்று நம்பி வாழ்ந்தவன் நான். பார்த்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி தங்கிவிடும் என்று அந்த ரிப்பேர்காரன் எனக்குச் சொல்லவில்லை. அவனையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

அவள் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

“இது யாரு?”

“நீ பாத்தப்ப ரெண்டு பேர்தானேம்மா இருந்தாங்க.”

“தேதியைப் பாருங்க. சனிக்கிழமை. நீங்களும் அன்னைக்குத்தானே பாத்தீங்க?”

“படம் தெளிவா இல்ல.”

“கரடின்னு எழுதியிருக்கு. அந்த எழுத்துமா தெளிவா இல்ல?”

‘மாமா’ என்று அவள் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கிருந்து காப்பகத்துக்கு. காப்பகத்திலிருந்து பிணவறைக்கு. இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமையே எல்லாம் முடிந்திருந்தது. கடைசிவரை அவன் கட்டிலைக் கடந்து போன ஒவ்வொருவரையும் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தானாம். கடந்து போனவர்களில் பாதிப் பேர் ‘சொல்லுப்பா’ என்று நின்று கேட்டுவிட்டுப் போனார்களாம். ஆஸ்பத்திரி நர்ஸ், கழுத்துப் பொத்தான்வரை போட்ட ஒரு பெரியவர் வந்து கையை விடுவித்துக்கொண்டு போனார் என்று சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் நீங்கள் என் வாசலுக்கு வந்தீர்கள்.

நேற்று நீங்கள் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. பல் டாக்டரின் மனைவி உங்களிடம், அவன்தான் அந்த வேடக்காரன் என்று முதல் நாளிலிருந்தே தெருவுக்கே தெரியும் என்றாளாம். தெருப் பிள்ளைகள் எல்லாம் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். அவள் வீட்டுச் சுவரில் ஒரு படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதாம். வெளிநாட்டுக் கதையைக் கேட்டுச் சிரித்துக்கொள்வதற்காகவே என்னிடம் குளிரை விசாரித்தார்களாம். இது நம்பும்படி இல்லை. அவர்கள் மரியாதை தெரிந்த குடும்பம்.

நீங்கள் பொறுமையாகத்தான் பேசினீர்கள். “பெரியவரே, கேஷை அழிச்சது ஒரு குத்தமே இல்ல. அதுக்கு முன்னாடி நீங்க என்ன பாத்தீங்க, அதைத்தான் கேக்கறேன்” என்றீர்கள். சரி, அந்தத் திருத்தத்தைச் செய்துவிடுகிறேன். படம் தெளிவாகத்தான் இருந்தது. நெற்றி இறங்கும்போதே என் தம்பி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவனை எட்டு வயதுவரை தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவன் நான், வகிட்டைப் பார்த்தாலே தெரியும். மீதிப் படம் இறங்கும்வரை நான் உட்கார்ந்திருந்தது, கழுத்துக்குக் கீழே அந்த உடுப்பு தெரிகிறதா என்று பார்ப்பதற்குத்தான். தெரிந்தது. நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்பதும் தெரியும். தெரிந்தேதான் போடவில்லை. அவன் சாவதற்காகத்தான் அந்தப் பக்கத்தை அழித்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் பிழை இல்லை.

தட்டச்சு செய்த பிரதியை இரண்டுமுறை படித்துவிட்டேன். வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன. பேனாவைக் கொடுங்கள், போடுகிறேன். அதற்கு முன் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. இந்தத் தாள்களில் ‘கரடி’ என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. நாளைக்கு நீதிமன்றத்தில் இதை உரக்கப் படிப்பார்கள், எங்கள் அப்பா பெயரும் கூடவே வரும். ‘கொன்றேன்’ என்பது அப்படியே இருக்கட்டும். அந்த ஒன்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.